வேரில் இல்லாத கோளாறு: சாயம் போட்டுப் போட்டு உடைந்த முடி குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

38 வயதுப் பெண் ஒருவர், முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது என்று சொல்லி என்னிடம் வந்தார். அவர் கையில் ஒரு காகித உறை இருந்தது. சீப்பிலும் தலையணையிலும் குளியலறைத் தரையிலும் மூன்று நாட்களாகக் கிடைத்த முடியையெல்லாம் பொறுக்கி அதில் போட்டு வைத்திருந்தார். ஆறு மாதமாக இந்தத் தொல்லை. அதற்குள் இரும்புச்சத்துக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்து, இரண்டிலும் குறை ஏதுமில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆனாலும் மனம் கேட்காமல் பயோட்டின் மாத்திரைகளைச் சாப்பிட்டு, முடி வளர்வதற்கென்று விற்கப்படும் தைலம் ஒன்றையும் இரவுதோறும் தலையில் தேய்த்து வந்திருக்கிறார். செய்த வைத்தியம் அத்தனையும் வேருக்கு. கோளாறோ வேரில் இல்லை. இந்த நிகழ்வை விரிவாகப் பதிவு செய்ய நினைத்ததற்கு அதுவே காரணம். சாயத்தால் சேதமடைந்த முடியோடு வருகிறவர்களில் பலர் இதே போல மாதக்கணக்கில் அலைந்த பிறகுதான் வருகிறார்கள். அவருடைய ஒப்புதலோடு, அடையாளம் தெரியாத வகையில் எழுதுகிறேன்.

உறைக்குள் இருந்தவை

உறையில் இருந்த முடிகளில் இருபதை எடுத்து ஒரு கறுப்பு அட்டையின் மேல் வரிசையாகப் பரப்பினேன். தன் ஆயுள் முடிந்து இயல்பாக உதிரும் முடியின் ஒரு முனையில் குண்டூசித் தலையைவிடச் சிறிய வெண்ணிறக் குமிழ் ஒன்று இருக்கும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் வரை அப்படி உதிர்வது யாருக்கும் இயல்பே. அந்த இருபதில் மூன்றில் மட்டுமே குமிழ் இருந்தது. மற்ற பதினேழும் இரு முனையிலும் குமிழ் இல்லாத துண்டுகள், 5 செ.மீ. நீளத்தில் சில, 20 செ.மீ. நீளத்தில் சில. அவருடைய தலைமுடியோ 45 செ.மீ. நீளம் கொண்டது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடியில் பார்த்தபோது துண்டுகளின் முனைகள் தேய்ந்த துடைப்பம் போல இழை இழையாகப் பிரிந்திருந்தன. முடியின் நடுப்பகுதியில் ஆங்காங்கே வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. வெறும் கண்ணுக்குப் பொடுகோ ஈரோ போலத் தோன்றும் இந்தப் புள்ளிகள் உண்மையில் முடியின் வெளித்தோல் உரிந்து உள்நார்கள் பிதுங்கிய முடிச்சுகள். தோல் மருத்துவத்தில் இதற்கு டிரைக்கோரெக்சிஸ் நோடோசா என்று பெயர். அந்த முடிச்சில்தான் முடி முறியும்.

தலையைப் பார்த்தபோது வகிடு அகலவில்லை. எங்கும் சொட்டை இல்லை. ஐம்பது அறுபது முடிகளைச் சேர்த்துப் பிடித்து, அடியிலிருந்து நுனி நோக்கி மெல்ல இழுத்ததில் ஒரே ஒரு முடிதான் வேரோடு கையோடு வந்தது. அதே கற்றையை நடுவில் ஒரு கையாலும் நுனியில் மறு கையாலும் பிடித்து இழுத்தபோது ஏழெட்டுத் துண்டுகள் முறிந்து விரலில் ஒட்டின. வேரின் பிடிப்பையும் முடித்தண்டின் உறுதியையும் பிரித்துக் காட்டுவதற்கு இந்த இரண்டு சோதனைகளைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. முடி கொட்டுகிறது என்று யார் வந்தாலும் எண்ணெயும் மாத்திரையும் எழுதித் தருவதற்கு முன் இவற்றைச் செய்துவிட வேண்டும்.

கடைசியாக ஒரு முடியை நனைத்து, இரு விரல்களுக்கிடையே பிடித்து இழுத்துப் பார்த்தேன். சேதமில்லாத முடி ஈரத்தில் தன் நீளத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை நீண்டு, விட்டவுடன் பழைய நிலைக்குத் திரும்பும். இவருடைய முடி நீண்டது, இன்னும் நீண்டது, விட்டபோது திரும்பாமல் நனைந்த நூல் போலத் துவண்டு தொங்கியது. மறுபடி இழுத்ததும் ஓசையின்றி அறுந்தது. உள்ளே தாங்கிப் பிடிக்க வேண்டிய பிணைப்புகள் போய்விட்டன என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

சாயத்தின் வரலாறு

"டை மட்டும்தான் போடுகிறேன்" என்றார். அந்த ஒரு சொல்லுக்குள் இருந்த கதை முழுவதும் வெளிவர அரை மணி நேரம் ஆயிற்று.

காதோரத்து நரையை மறைக்க 31 வயதில் தொடங்கியது. நிரந்தரச் சாயத்தை வீட்டிலேயே கலந்து, நான்கு வாரத்துக்கு ஒரு முறை போட்டுக்கொள்வார். முதலில் வகிடுகளில் தடவி, அது முடிந்ததும் கிண்ணத்தில் மிஞ்சியிருப்பதை வீணாக்குவானேன் என்று நுனி வரை இழுத்துப் பூசிவிடுவார். பதினாறு மாதங்களுக்கு முன்பு, கறுப்பு வேண்டாம், இளம்பழுப்பு வேண்டும் என்று ஓர் அழகு நிலையத்துக்குப் போயிருக்கிறார். மாதாமாதம் சாயம் ஏறியிருந்த அந்த முடியை வேர் தொடங்கி நுனி வரை 12 சதவீத டெவலப்பரில் (சாயத்தோடோ பிளீச்சோடோ கலக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு திரவம்) பிளீச் செய்து, அதன் மேல் பழுப்பு நிறம் ஏற்றியிருக்கிறார்கள். முன்பு என்ன சாயம், எத்தனை முறை என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அதன் பிறகு மறுபடி வீட்டுச் சாயம், அதே நான்கு வாரக் கணக்கு, அதே மிச்சக் கிண்ணம். முடி சொரசொரப்பானதால் குளித்த பிறகெல்லாம் ஸ்ட்ரெய்ட்னர். மூன்று மாதங்களுக்கு முன்பிலிருந்து, புரதம் குறைந்துவிட்டது என்று எங்கோ படித்துவிட்டு, வாரம் இரண்டு முறை புரத மாஸ்க்.

முடி மாதத்துக்குச் சுமார் 1.2 செ.மீ. வளரும். பதினாறு மாதத்தில் 19 செ.மீ. அளவு நாடாவை உச்சந்தலையில் வைத்துப் பிடித்தபோது, வெள்ளைப் புள்ளிகளும் முறிவுகளும் தொடங்கிய இடம் ஏறக்குறைய அதே 19 செ.மீ.தான். பிளீச் நடந்த நாள் அந்த முடியில் கோடு போட்டது போலத் தெரிந்தது. தலைமுடிக்கு நினைவாற்றல் உண்டு என்று நான் அடிக்கடி சொல்வதுண்டு. அதைப் படிக்க நாட்காட்டியும் நாடாவும் போதும்.

முடிக்குள் நடந்தது என்ன

முடியின் வெளிப்புறம், ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட ஐந்து முதல் பத்துச் செதில் அடுக்குகளால் ஆனது. உள்ளே கெரட்டின் நார்கள். நிறத்தைத் தரும் மெலனினும் உறுதியைத் தரும் கந்தகப் பிணைப்புகளும் இருப்பது அங்கேதான். செதிலின் மேற்பரப்பில் மிக மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று வேதிப்பிணைப்பால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முடி வழவழப்பாக இருப்பதும் தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சாமல் இருப்பதும் அந்தப் படலத்தால்.

நிரந்தரச் சாயம் வேலை செய்ய வேண்டுமானால் இந்த ஓட்டைத் தூக்கியாக வேண்டும். அம்மோனியாவோ எத்தனாலமைனோ கலவையின் பிஹெச் அளவை 9 முதல் 11 வரை உயர்த்த, முடி உப்பிச் செதில்கள் விரிகின்றன; சிறு மூலக்கூறுகளான பாராபினைலின் டையமினும் அதன் கூட்டாளிகளும் உள்ளே நுழைகின்றன; ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு பக்கம் மெலனினை வெளுக்க வைத்து, மறுபக்கம் அந்தச் சிறு மூலக்கூறுகளை வெளியே வர முடியாத பெரிய நிற மூலக்கூறுகளாக இணைக்கிறது. பிரெஞ்சு வேதியியலாளர் யூஜின் ஷுவெல்லர் 1907இல் தம் சாயத்தை உருவாக்கிய காலத்திலிருந்து இந்த அடிப்படை பெரிதாக மாறவில்லை. பிளீச்சில் இதோடு பெர்சல்பேட் உப்புகளும் சேர்வதால் வேகம் பல மடங்கு கூடுகிறது.

இதற்கு முடி கொடுக்கும் விலை இரண்டு. ஒன்று, அந்தக் கொழுப்புப் படலம் போய்விடுகிறது. நீரை விலக்கிய முடி நீரை உறிஞ்சும் முடியாகிறது. இரண்டாவது, கந்தகப் பிணைப்புகளில் ஒரு பகுதி சிஸ்டெயிக் அமிலமாக மாறுகிறது. இந்த மாற்றம் ஒருவழிப் பாதை. எந்த மாஸ்க்கும், எந்தப் பிணைப்புச் சீராக்கியும் அதைத் திருப்பி முன்பிருந்த பிணைப்பாக்க முடியாது.

ஆனால், ஒரு முறை சாயம் போட்டதால் இந்தப் பெண்ணின் முடி உடையவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். வேரோரம் முளைத்த 1 செ.மீ. புதுமுடிக்கு ஒரு முறை சாயம் போட்டால் போதும்; நல்ல முடி அதைத் தாங்கும். 19 செ.மீ.யில் இருந்த முடி பிளீச்சுக்குப் பின் பதினாறு பதினேழு முறை சாயம் வாங்கியிருக்கிறது. மூன்றாண்டுகளுக்கு மேல் வயதான நுனி, ஏறத்தாழ நாற்பது முறை. நிறம் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் மறுபடி மறுபடி செதிலைத் தூக்கிப் பெராக்சைடை உள்ளே விட்டதால் நிறத்தில் ஆதாயம் ஏதுமில்லை. நட்டம் மட்டும் ஒவ்வொரு மாதமும் சேர்ந்தது. பிளீச் மேல் மட்டும் பழி போட அவர் விரும்பினார். பிளீச் முடியைப் பலவீனமாக்கியது உண்மை. அதை உடைத்தது மிச்சக் கிண்ணம் என்பதே என் முடிவு.

புரத மாஸ்க் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த மாஸ்க்கில் உள்ள, நீராற்பகுக்கப்பட்ட (சிறு துண்டுகளாக உடைக்கப்பட்ட) புரதம் சேதமடைந்த இடங்களில் ஒட்டிச் சிறிது காலம் உறுதி தரும், அளவோடு நல்லதே. கண்டிஷனர் ஏதும் இல்லாமல் அதை மட்டுமே வாரம் இரண்டு முறை போட்டதில் இவருடைய முடி காய்ந்த வைக்கோல் போல விறைத்திருந்தது. விறைத்த முடியைச் சீப்பு வளைக்கும்போது அது நொறுங்குகிறது. இன்னொன்றும் கவனித்தேன். பின்தலையில் வலப்பக்கம் மட்டும் முறிவு கூடுதலாக இருந்தது. விசாரித்ததில், காலையில் குளித்தவுடன் ஈர முடியை அந்தப் பக்கமாக முறுக்கி, ரப்பர் வளையத்தால் கொண்டை போட்டுக்கொண்டே வேலைக்குப் போகிறார் என்று தெரிந்தது. உப்பி வலுவிழந்திருக்கும் ஈர முடியை ரப்பர் இறுக்கிய இடம் அது.

சொன்னதும் செய்ததும்

முதலில் சொல்ல வேண்டியிருந்தது கசப்பானது. முடித்தண்டு உயிருள்ள திசு அல்ல. தோலில் பட்ட காயம் போல அது ஆறாது. வேரிலிருந்து வரும் புதுமுடியைக் காப்பாற்றுவதும், பழைய முடி வெட்டப்படும் நாள் வரை அதை உடையாமல் வைத்திருப்பதும்தான் நம்மால் ஆகும். இதைக் கேட்டு அவர் நெடுநேரம் பேசவில்லை. 19 செ.மீ.யில் வெட்டிவிடுவது குறுக்கு வழி. அதற்கு அவர் சம்மதிக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. உடனே 10 செ.மீ., பிறகு ஆறு வாரத்துக்கு ஒரு முறை இரண்டரை செ.மீ. என்று ஒப்புக்கொண்டோம். மாத்திரையையும் தைலத்தையும் நிறுத்தச் சொன்னேன். ஸ்ட்ரெய்ட்னர் முற்றிலும் நின்றது.

நரையை மறைக்காமல் இருக்க அவரால் முடியாது. அதை நான் குறையாகப் பார்க்கவில்லை. முடியைக் காப்பதற்காக ஒருவர் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கவே கூசும்படி ஆகக் கூடாது. ஆகவே சாயத்தை நிறுத்துவதற்குப் பதிலாக அதைப் போடும் முறையை மாற்றினோம். இடைவெளி நான்கு வாரத்திலிருந்து ஆறு வாரமானது. இடையில் வகிட்டில் தெரியும் நரைக்கு, கழுவினால் போய்விடும் வண்ணப் பவுடர். டெவலப்பர் 6 சதவீதத்துக்கு மேல் கூடாது. சாயம் கலப்பதற்கு முன்பே, பழைய முடி தொடங்கும் இடத்திலிருந்து நுனி வரை கண்டிஷனரைக் கனமாகப் பூசிவிட வேண்டும். பிறகு மெல்லிய தூரிகையால் புதுமுடியில் மட்டும் சாயம். குறித்த நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் விடக் கூடாது. அலசும்போது சாயநீர் நீளத்தில் வழியும். கண்டிஷனர் அங்கே காவலாக இருக்கும். தோல் ஒவ்வாமை எந்த முறையும் புதிதாக வரலாம் என்பதால், ஒவ்வொரு முறையும் 48 மணி நேரத்துக்கு முன் காதின் பின்புறம் சிறிதளவு வைத்துப் பார்க்கச் சொன்னேன். இத்தனை ஆண்டுகளில் அவர் அதை ஒரு முறைகூடச் செய்ததில்லை.

அம்மோனியா இல்லாத சாயத்துக்கு மாறலாமா என்று கேட்டார். பலரும் கேட்பது இது. அம்மோனியா நெடியடித்து ஆவியாகிவிடும்; அதற்குப் பதிலாகச் சேர்க்கப்படும் எத்தனாலமைன் ஆவியாகாமல் முடியிலேயே தங்கும். நெடி இல்லை என்பதால் சேதம் இல்லை என்று ஆகாது. அளவு கூடினால் சேதமும் கூடலாம். நெடி பொறுக்காதவர்களுக்கு அது வசதி. முடியின் பாதுகாப்புக்கு எவ்வளவு குறைவான முறை, எவ்வளவு குறைவான பெராக்சைடு என்பதே அளவுகோல்.

தலைக்குக் குளிப்பது வாரம் இரு முறை. முந்தின இரவு நீளத்தில் சில துளி தேங்காய் எண்ணெய். அதிலுள்ள லாரிக் அமிலம் முடிக்குள் ஊடுருவக்கூடியது என்பதால், அலசும்போது முடி உப்பிப் புரதம் கரைவதைக் குறைக்கிறது. கனிம எண்ணெய்க்கு அந்தக் குணம் இல்லை. ஷாம்பூ உச்சந்தலைக்கு மட்டும். அதன் நுரை வழிந்து இறங்குவதே நீளத்துக்குப் போதும். ஒவ்வொரு குளியலிலும் கண்டிஷனர் கட்டாயம். சேதமடைந்த இடங்களில் முடி எதிர்மின்னூட்டம் கொண்டிருக்கும். கண்டிஷனரின் நேர்மின்னூட்ட மூலக்கூறுகள் அந்த இடங்களைத் தேடிப் போய் ஒட்டும். கண்டிஷனர் முடியில் இருக்கும்போதே, அகலப் பல் சீப்பால் நுனியில் தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். அவருக்குக் காட்டித் தந்தபோது, வேரிலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுப்பதுதான் சிறு வயதிலிருந்து பழக்கம் என்றார். ஈரத்தைத் துண்டால் தேய்க்காமல் பழைய பருத்திச் சட்டையால் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரக் கொண்டை கூடாது. தண்ணீரில் செம்பு போன்ற உலோக அயனிகள் இருந்தால் பெராக்சைடின் சேதம் கூடும் என்பதால், சாயம் போடுவதற்கு முந்தைய குளியலில் மட்டும் உலோகத்தை நீக்கும் ஷாம்பூ.

உலர்த்துவதைப் பற்றி அவரிடம் இருந்த நம்பிக்கையை மாற்ற வேண்டியிருந்தது. டிரையர் என்றாலே கேடு, தானாகக் காய்வதே நல்லது என்று நினைத்திருந்தார். மணிக்கணக்கில் ஈரமாக ஊறிக் கிடப்பதும் முடிக்கு நல்லதல்ல. டிரையரை 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்தபடி மிதமான சூட்டில் முக்கால் பங்கு உலர்த்திவிட்டு, மீதியைக் காற்றில் விட்டார்.

மாலியேட் வகைப் பிணைப்புச் சீராக்கி ஒன்றை மூன்று வாரத்துக்கு ஒரு முறை பயன்படுத்தினோம். ஈரத்தில் துவள்வது ஓரளவு குறைந்தது. தொட்டால் திடம் தெரிந்தது. எனினும் விளம்பரங்கள் சொல்வது போல முடி பழையபடி ஆகவில்லை. புரதத்தை ஆறு வாரத்துக்கு ஒரு முறையாகக் குறைத்தோம்.

பத்து மாதங்கள்

இரண்டாவது வாரத்தில் விறைப்பு தளர்ந்தது. ஆறாவது வாரத்தில் சீப்பில் சிக்கும் துண்டுகள் வெகுவாகக் குறைந்தன. அந்த மாற்றத்துக்குச் சிக்கெடுக்கும் முறையும் கொண்டையை விட்டதுமே முதல் காரணங்கள் என்று நினைக்கிறேன், ஏனெனில் முடியின் அமைப்பு அதற்குள் மாறியிருக்க வழியில்லை.

ஒன்பதாவது வாரத்தில் ஒரு சறுக்கல். உறவில் ஒரு திருமணம். நுனி வெளிறித் தெரிகிறது என்று பழைய வழக்கப்படி மிச்சச் சாயத்தை நுனி வரை பூசிவிட்டார். அடுத்த இரண்டு வாரத்தில் முறிவு பழைய அளவில் பாதிக்குத் திரும்பியது. வருத்தத்தோடு வந்து சொன்னார். நான் கடிந்துகொள்ளவில்லை, ஒரு முறை பூசியதற்கே இந்த விளைவென்றால் மாதம் தவறாமல் பூசியது என்ன செய்திருக்கும் என்பது அவருக்கே புரிந்துவிட்டது. வெளிறிய நுனிக்குப் பெராக்சைடு இல்லாத, முடியின் மேற்புறத்தில் மட்டும் படியும் நிறக் கண்டிஷனர் ஒன்றைப் பழக்கினோம். சில குளியல்களில் மங்கிவிடும். செதிலைத் தொந்தரவு செய்யாது.

பத்தாவது மாத முடிவில் முடியின் நீளம் 30 செ.மீ. பிளீச் பட்ட எல்லை வளர்ந்து 31 செ.மீ.க்குத் தள்ளிப் போயிருந்ததால், கடைசி வெட்டோடு அந்தப் பகுதி முழுவதும் போய்விட்டது. கீழ்ப்பகுதி இன்னும் பல முறை சாயம் வாங்கிய முடிதான். நனைத்து இழுத்தால் முழுமையாகத் திரும்புவதில்லை. மேலே உள்ள 12 செ.மீ. நீண்டு, அப்படியே திரும்புகிறது. கறுப்பு அட்டையில் மறுபடி இருபது முடிகளைப் பரப்பினோம். பதினான்கில் வெண்குமிழ் இருந்தது. எஞ்சிய கீழ்ப்பகுதியை அடுத்த ஓராண்டில் சிறிது சிறிதாக வெட்டுவதாக ஏற்பாடு.

நான் வகுத்துக் கொடுத்ததில் இல்லாத மாற்றம் ஒன்றையும் அவர் செய்திருக்கிறார். சாயக் குழாயை முழுவதும் பிழியாமல், சமையலறைத் தராசில் மூன்றில் ஒரு பங்கை நிறுத்து, அதற்கேற்ற டெவலப்பரை மட்டும் கலக்கிறார். வகிடுகளை முடித்து நிமிரும்போது கிண்ணத்தில் பூசுவதற்கு எதுவும் மிஞ்சியிருப்பதில்லை.